முதல் கொன்டெய்னர் அக்காவின் பெயரில்

பெப்ரவரி 9, திங்கள்

பனி. விடிய எழும்பி வாசலை வழித்து முடிக்க, நகரசபை வண்டி வந்து எல்லாவற்றையும் திரும்ப வாசலிலேயே தள்ளிவிட்டுப் போனது. எங்கள் பகுதி பியர்பொன்ட்ஸில் பஸ் பிந்தி வந்தது. கர்க்லாண்டில் இறங்கி, அலுமினியச் சட்டங்கள் செய்யும் எங்கள் தொழிற்சாலை வரை நடை. நாள் முழுக்கச் சப்பாத்துக்குள் ஈரம்.

இன்றைய வேலை: ஐரோப்பாவின் காபன் கணக்கு. இந்த வருஷம் முதல் விளையாட்டில்லை. அங்கே அலுமினியம் இறக்குகிறவர், அதைச் செய்யும்போது எவ்வளவு காபன் புகை போனது என்று காட்ட வேண்டும். அதற்குக் காசும் கட்ட வேண்டும். அந்தக் கணக்கைப் பொருளைச் செய்கிறவர்கள்தான் கொடுக்க வேண்டும். செய்கிறவர்கள் நாங்கள். நாங்கள் என்றால் இந்த ஒஃபிஸில் நான்.

முதலாளி லுக் சிரித்தார். "கெபெக் அலுமினியம், தண்ணீர் மின்சாரம். பூச்சியம் என்று போட்டு அனுப்பு." இல்லை ஐயா. அலுமினியத்துக்கு மின்சாரத்தை அவர்கள் எண்ணுவதே இல்லை. உருக்காலையில் எரிந்த கரியும், இங்கே அலுமினிய உருளைகளைச் சூடாக்க எங்கள் சூளை எரித்த எரிவாயுவும்தான் கணக்கு. அவர் முகம் சுண்டிப்போனது. எத்தனை வருஷமாகச் சொல்லித் திரிந்த பெருமை, பாவம்.

எரிவாயு மீற்றர் ஒன்றே ஒன்று. சூளைக்கும் அதே, கட்டடத்தைச் சூடாக்கவும் அதே. எப்படிப் பிரிப்பது? மத்தியானம் சோற்றைப் பிசையும்போது பிடிபட்டது. கோடை மாதப் பில்லில் கட்டடச் சூடு இராது. அங்கே இருந்து தொடங்கலாம். அவ்வளவு சந்தோஷம். சொல்ல ஒருவரும் இல்லை.

வாங்க: பால். வாசலுக்கு உப்பு. கறிவேப்பிலை, இருந்தால்.

கணக்குப் போவது வேறு யாருக்கும் இல்லை, அத்தானுக்கு. அக்காவின் கணவர். ஜெர்மனியில் பல்கனிக் கைப்பிடி பொருத்தும் சின்னக் கொம்பனி வைத்திருக்கிறார். அமெரிக்காக்காரர் ஓடர்களை நிறுத்தினபோது நான்தான் அத்தானை லுக்கிடம் சேர்த்துவிட்டேன். இப்போது தொழிற்சாலை பாதி அவரால் ஓடுகிறது. அதனால் ஒஃபிஸில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

பெப்ரவரி 10, செவ்வாய்

வெயில். சும்மா பார்க்கத்தான், மூக்கு விறைக்கிறது.

சாப்பாட்டு நேரம் அத்தான் தொலைபேசியில்.

"மதி, உந்தக் கணக்கு வழக்கு ஒண்டும் வேண்டாம். ஆறுதலா இரும்."

"ஏன் அத்தான்? பாதி முடிச்சிட்டன்."

"வருஷத்துக்கு ஐம்பது தொன்னுக்குக் கீழ இறக்கிறவனை அவங்கள் ஒண்டும் கேக்கமாட்டாங்கள். என்ர பேரிலை கொஞ்சம், தம்பி ரவியின்ர பேரிலை கொஞ்சம், அக்கான்ர பேரிலை கொஞ்சம். முதல் கொன்டெய்னர் அக்கான்ர பேரிலை வரட்டும். இன்வொய்சை அப்பிடி அடியும்."

"அக்காவுக்கு ஏது கொம்பனி?"

"போன மாசம் பதிஞ்சாச்சு. எல்லாம் எங்கட ஆக்கள்தானே."

எங்கள் ஆட்கள்தான். எங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? இவர், என் கணவர், ஓட்டுகிற கார் அவருடைய தம்பியின் பெயரில். தம்பியின் கடை தம்பி பெண்சாதியின் பெயரில். எங்கள் வீட்டு இன்ரநெற், கீழ்வீட்டில் இருந்து எப்போதோ ரொறன்ரோவுக்குப் போய்விட்ட ஒருவரின் பெயரில். பெயர் என்றால் வீட்டில் சாத்தி வைத்த ஏணி மாதிரி. தேவைப்பட்டவர் எடுப்பார்.

"ஓம் அத்தான்" என்று சொல்லித்தான் வைத்தேன். வாய் தன்பாட்டில் சொன்னது.

வீட்டுக்கு வந்து இருக்க முடியவில்லை. ஃபிரிட்ஜைத் துடைத்தேன். திரும்பவும் துடைத்தேன். மகள் பிரெஞ்சில் கேட்டாள், யாராவது வருகிறார்களா என்று.

பெப்ரவரி 11, புதன்

ஐரோப்பாவின் விதியை வாசித்தேன். ஆங்கிலத்தில் ஒரு தரம், பிரெஞ்சில் ஒரு தரம். நன்றாகத்தான் விளங்குகிறது, அதுதான் கரைச்சல். கணக்குக் காட்டாமல் தப்ப ஒரே சரக்கைப் பல பெயரில் பிரித்தால், எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணுவார்கள், தண்டமும் விழும். பெயர் கொடுத்தவரைச் சும்மா விடுவார்கள் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

பஸ்ஸில் பின்சீட்டில் தமிழ்ப் பெண் ஒருத்தி, போனில்: "நான் ஓம் எண்டு சொல்லேல்லையடி. ஓம் மாதிரித்தான் சொன்னனான்."

மத்தியானம் அக்காவுக்குப் போன் எடுத்தேன். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்த களைப்பு, ஆனாலும் குரலில் ஒரு துள்ளல். ஜெர்மன் குடியுரிமை மனு கடைசிப் படியில் நிற்கிறதாம். "எல்லாம் வடிவாக் கிடக்காம். ஒரு பிரச்சினையும் வராட்டி கோடைக்குள்ள கிடைக்கும் எண்டு கந்தோர் மனிசி சொன்னவ."

முப்பது வருஷமாக ஒவ்வொரு எல்லையிலும் தனி வரிசையில் நின்றவள்.

"அக்கா, போன மாசம் எங்கயும் கையெழுத்து வைச்சனீங்களோ?"

"அத்தான் ஏதோ வரிக் கடதாசி எண்டு நீட்டினவர். அடுப்பிலை கறி. வைச்சுக் குடுத்தன். ஏன்?"

"சும்மா."

சும்மாவாம். கோழை.

பெப்ரவரி 12, வியாழன்

லுக் கேட்டார்: இன்வொய்ஸ் எங்கே, அடுத்த கிழமை கொன்டெய்னர் ஏற்ற வேண்டும். யார் பெயரில் அடிப்பது என்று கேட்டேன். வாங்குகிறவர் சொல்கிற பெயரில் அடி, அது அவர்கள் பாடு என்றார். அவருக்கு லேசு.

கணக்கை விடாமல் செய்கிறேன். வேண்டாம் என்று சொன்ன கணக்கை. உருக்காலையில் இருந்து பதில் வந்துவிட்டது, மரியாதையான மனிதர்கள். எங்கள் சூளைப் பங்கும் வந்துவிட்டது. கோடைப் பில் வேலை செய்கிறது!

இரவுச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். இவர் மீன் முள்ளை எடுத்தபடியே:

"உம்மட அத்தான் உம்மை ரெண்டு வருஷம் வீட்டிலை வைச்சுப் பாத்தவர். மறந்து போச்சோ?"

"மறக்கேல்லை."

"அப்ப அவர் சொன்ன மாதிரி அடியும். பெரிய களவோ இது?"

மறக்கவில்லைதான். ஜெர்மனியில் அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு அறை. அதை எனக்குத் தந்துவிட்டு அத்தானும் அக்காவும் ஹோலில் படுத்தார்கள். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. அந்த மனிதரைக் கள்ளன் என்று என்னால் நினைக்க முடியாது. அவருக்குப் படிவம் என்றால் பயம், அவ்வளவுதான். ஆனால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! வந்து வந்து அதிலேயே நிற்கிறது கோபம்.

நகம் எல்லாம் கடித்து முடிந்தது.

பெப்ரவரி 13, வெள்ளி

செய்துவிட்டேன். அத்தானுக்கு எழுதியது:

"அத்தான், அக்காவுக்கு இதில் விருப்பமில்லை. அவவின் பெயரை எடுத்துவிடுங்கோ. முழுவதையும் உங்கள் பெயரிலேயே அடிக்கிறேன். காபன் கணக்கு முடித்து இணைத்திருக்கிறேன். இறக்குமதி அனுமதிக்கு விண்ணப்பம் போடுங்கோ. நான் உதவி செய்வேன்."

வாசித்துவிட்டார்.

பெரிய பாரம் இறங்கின மாதிரி. அக்காவைக் காப்பாற்றிவிட்டேன். மேசை லாச்சிக்குள் கிடந்த கச்சான் கடலைப் பைக்கற் முழுவதையும் தின்றேன்.

பெப்ரவரி 14, சனி

சந்தியில் உள்ள தெப்பனர் கடையில் காதலர் தினச் சிவப்புப் பலூன்கள். பால் வாங்கிக்கொண்டு நிற்க அக்காவின் அழைப்பு. வணக்கம் சுகம் ஒன்றும் இல்லை.

"எடி, எனக்கு விருப்பமில்லை எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"அக்கா, உங்கட குடியுரிமை..."

"குடியுரிமை என்ர. பேரும் என்ர. அந்தாள் என்னைக் கேளாமல் எடுத்தார். நீ என்னைக் கேளாமல் திருப்பி வாங்கினாய். ரெண்டு பேருக்கும் நான் ஆர்?"

"நான் உங்களுக்காகத்தான்..."

"அவரும் அதைத்தான் சொல்லுறார். வை போனை."

நான் வைக்கவில்லை. அவள்தான் வைத்தாள். கடைக்காரர் "சா வா, மடாம்?" என்றார். நலம்தான், மெர்சி, நலம்தான்.

முதலில் எனக்கு ஆத்திரம். ஒரு நன்றி கிடையாதா? பனியில் நடந்து வரும்போது அவள் சொன்னது சுட்டது. புதன்கிழமை போனில் என்னோடு கதைத்துக்கொண்டுதானே இருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சும்மா என்று சொல்லிவிட்டு, அவளுக்கு விருப்பமில்லை என்று நானாக எழுதி அனுப்பினேன். வெட்கமாக இருக்கிறது. அவளை நினைத்துச் செய்தேன், அவளை விட்டுவிட்டுச் செய்தேன்.

பெப்ரவரி 15, ஞாயிறு

கராஜ் அடுக்கினேன். பழைய சப்பாத்துகளை எறிந்தேன். எறிந்ததில் ஒரு சோடியைத் திரும்ப எடுத்தேன். இவர் பார்த்துவிட்டுக் குப்பைப் பையின் வாயைக் கட்டித் தந்தார். நல்ல மனிதர், சில நேரங்களில்.

அத்தானிடமிருந்து குரல் செய்தி. பின்னால் தொலைக்காட்சிச் சத்தம். "மதி, நீர் செய்தது சரியோ பிழையோ, அதை விடும். இஞ்ச ரெண்டு நாளாச் சமையல் இல்லை. பாணும் ஜாமும். உம்மட அக்கா அந்தக் கடதாசியளை விரிச்சு வைச்சு வாசிச்சுக்கொண்டு இருக்கிறா. என்னோட ஒரு கதையும் இல்லை."

சிரித்தேன். பிறகு பார்த்தால் அழுகை.

அக்காவுக்கு: "கேட்காமல் செய்தது பிழை. மன்னியுங்கோ." அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

பெப்ரவரி 16, திங்கள்

திரும்பப் பனி. பஸ் இரண்டு ஒன்றாக வந்தது.

பெயர் இல்லாமல் இன்வொய்ஸ் கிடக்கிறது. லுக் காலையில் இருந்து என் மேசையைச் சுற்றுகிறார். மத்தியானம் அக்கா.

"மதி, கொம்பனியை அழிக்கிறதெண்டு அந்தாள் நிக்கிறார். நான் விடேல்லை. என்ர பேரிலை இருக்கிறது என்ர. இந்த வருஷம் வாற கொன்டெய்னர் முழுக்க எனக்கு அடி. ரவிக்கும் இல்லை, அந்தாளுக்கும் இல்லை."

"ஐம்பது தொன்னைத் தாண்டுமக்கா. அனுமதி எடுக்கவேணும், கணக்குக் காட்டவேணும்."

"தாண்டட்டும். எடுக்கிறன், காட்டுறன். எந்தக் கிழவருக்கு என்ன குளிசை எண்டு நாள் முழுக்க ஜெர்மனிலை எழுதிறன், இதை எழுதமாட்டனோ? களவாச் செய்தால்தான் குடியுரிமைக்குப் பயம். நேராச் செய்தால் என்ன பயம்?"

பின்னால் அத்தானின் குரல்: "அது லேசில்லையப்பா."

"நீங்கள் தேத்தண்ணியைப் போடுங்கோ."

அவள் விண்ணப்பம் போடும் வரை கொன்டெய்னர் அசையாது என்று லுக்கிடம் சொன்னேன். தேவாலயத்துச் சாமான் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லித் திட்டினார், இங்கே அப்படித்தான் திட்டுவார்கள். முடிந்ததும் அடுத்த கிழமை என்றார். சரியென்று தலையாட்டினேன்.

கணக்கும் படிவமும் அக்காவுக்கு அனுப்பினேன். அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் திரும்ப அழைப்பு.

"திறந்து வைச்சிருக்கிறன்."

"எந்த இடமக்கா விளங்கேல்லை?"

"விளங்காததைப் பிறகு பாப்பம். இறக்குமதி செய்யிறவர் எண்ட பெட்டியிலை என்ர பேரை நான் எழுதிட்டன். அடுத்த பெட்டியை வாசி."