சத்தம் போடாத அஞ்சலை

1926, ஐப்பசி, செவ்வாய்.

காலையில் எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசலில் ஏகப்பட்ட காய்ச்சல்காரர்கள். டாக்டர் ஈப்போ டவுனிலிருந்து மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் மருந்து கொடுக்கவும் காயம் கட்டவும் டிரஸர் நான் ஒருவன்தான்.

கங்காணி விரலில் வெட்டுக்காயத்தோடு வந்து நின்றார். "மொதல்ல என்னையப் பாருங்க டிரஸரே, தொரை காத்துக்கிட்டு இருக்காரு" என்று கத்தினார். சுவரோரம், ரப்பர் மரத்தில் பால்வெட்டும் அஞ்சலை காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

"நான் நல்லாத்தான் இருக்கேங்கய்யா. அவரைப் பாருங்க."

அவள் சொன்னதை நம்பித்தான் போனேன் என்று எழுத வந்தேன். பொய். கங்காணியின் வாய்க்குப் பயந்து போனேன்.

அவர் விரலில் இரண்டாம் தையல் போடும்போது அஞ்சலைக்கு வலிப்பு வந்துவிட்டது. கங்காணியை அப்படியே விட்டுவிட்டு ஓடி, மலேரியாவுக்கான கொயினா ஊசி போட்டேன். மாலையில்தான் கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

அதற்குள் துரை வந்துவிட்டார். கங்காணியைப் பாதியில் ஏன் விட்டாய் என்று கேட்டார். அஞ்சலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னொரு டிரஸர் வேண்டும் என்றேன். காதில் வாங்காமல் போய்விட்டார்.

நாளையிலிருந்து எல்லாருடைய நெற்றியையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் தையல் ஊசியை எடுப்பேன். கங்காணி கத்தட்டும். வேலை போனால் சம்சாரத்திடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.