நீ யாருக்காகக் கத்தினாய்

போன வாரம் நீ தந்த புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். திறந்ததும் தைல வாசனை. மேட்ச் நாட்களில் உனக்குத் தலையிடி வரும். நெற்றியில் தைலம் பூசி, பூசிய விரலாலேயே பக்கம் புரட்டுவாய். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். தலையிடி இன்னும் புத்தகத்தில் இருக்கிறது.

வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் அதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேற்கிந்தியத் தீவுக்காரர் ஒருவர், வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆட்டத்தை வைத்து வெள்ளைக்காரனின் ஆட்சியை எழுதிய புத்தகம். கிரிக்கெட் பார்ப்பவர்கள் அரசியல் என்றும், அரசியல் படிப்பவர்கள் கிரிக்கெட் என்றும் தொடாமல் விட்டதால், மருதானைப் பழைய புத்தகக் கடையில் அது உனக்காகக் காத்திருந்தது. என்னிடம் தந்தபோது, "முதல் வாசி, பிறகு நக்கலடி," என்றாய். நான் வரிசையை மாற்றிச் செய்தேன்.

அந்தத் தீவில் யார் எந்தக் கிளப்பில் ஆடலாம் என்பதைத் தோலின் நிறம் முடிவு செய்தது என்று வாசித்துவிட்டு நீ சிரித்தாய். "பாவம், மச்சான், அவங்கள் ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிக் கிடந்திருக்கு. நாங்கள் இன்னார் இனம் எண்டு வாசல் போர்டிலயே எழுதிப்போட்டம்." இனத்தின் பெயரையே வைத்துக்கொண்ட கொழும்பின் பழைய கிரிக்கெட் கிளப்புகளைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். மண்டபத்தில் நன்றாகச் சிரித்தார்கள். நான் அதை என் வசனமாகவே சொன்னேன். அது சின்னக் களவு.

பெரியது வேறு. "கொழும்புத் தமிழனுக்கு இரண்டு அடையாள அட்டை. ஒன்று சட்டைப்பையில், மற்றது தொண்டையில். இலங்கை அணி விக்கெட் எடுத்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கத்த வேண்டும்." யுத்த காலத்தில் பத்திரிகைப் பத்தியில் நான் எழுதியது. உதாரணத்துக்கு உன்னை எடுத்துக்கொண்டேன். பெயர் போடவில்லை. போடத் தேவையுமில்லை, எங்கள் ஒழுங்கையில் உன்னளவு கத்தியவர் வேறு யார்?

சாட்சியாக ஒரு காலை நேரத்தையும் எழுதியிருந்தேன். முதல்நாள் மேட்சில் நாங்கள் தோற்றிருந்தோம். காலி வீதிச் சோதனைச் சாவடியில் உன் அட்டையை வாங்கிய சிப்பாயிடம், கடைசி ஓவரைச் சுழற்பந்துக்காரனிடம் அல்லவா கொடுத்திருக்க வேண்டும் என்று சிங்களத்தில் தொடங்கினாய். "நே, அய்யே," இல்லை அண்ணே, என்றான் அவன். பனி விழுந்திருந்ததாம், பந்து கையில் நிற்காதாம். நீ விடவில்லை. பின்னால் வரிசை வளர்ந்தது. கடைசியில் கோபத்தோடு நடந்துவிட்டாய். அவன் "அய்யே, ஐசி! ஐசி!" என்று உன் அட்டையோடு ஓடி வந்தான்.

"நல்லா வளைச்சுப் பிடிச்சிட்டாய், மச்சான்," என்றேன் நான்.

"என்னத்தை வளைக்கிறது, விசரா? அவனுக்கு ஃபீல்டிங்கே விளங்கேல்லை!"

பத்தியில் நீ சிப்பாயை வளைத்ததாக மட்டும் வைத்துக்கொண்டேன். ஃபீல்டிங் வந்தால் பகிடி கெட்டுவிடும்.

பத்திரிகையோடு நீ வந்தாய். "நல்லா எழுதியிருக்கிறாய். நானும் சிரிச்சன்," என்றாய். பத்திரிகையை மடித்துக்கொண்டே, "பயத்தில கத்திறவன் தோக்கேக்கை அழுவானோ, மச்சான்?" என்று கேட்டாய்.

"அது உன்னைப் பற்றி இல்லை, பொதுவா எழுதினது," என்றேன். நையாண்டிக்காரர்களுக்கு இந்த மறுமொழி எப்போதும் கைவசம் இருக்கும்.

அதன் பிறகும் என் வீட்டுக்கு மேட்ச் பார்க்க வந்தாய். விக்கெட் விழும்போது கதிரையிலிருந்து பாதி எழும்புவாய். ஒருமுறை என்னைப் பார்ப்பாய். பிறகு கத்தாமல் இருந்துவிடுவாய். சந்திக்குச் சந்தி நின்ற ராணுவத்தால் முடியாமற்போனதை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டேன். ஆட்சிகள் ஒரு மனிதனின் தொண்டைக்குள் எப்படி வருகின்றன என்று மண்டபத்தில் நீட்டி முழக்கிய எனக்கு, இதைவிட நல்ல உதாரணம் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் அங்கேயும் அந்தப் பழைய அடையாள அட்டை வசனத்தைத்தான், உன் சாவடிக் கதையோடு, சொன்னேன். கைதட்டினார்கள்.

பேச்சு முடிய உன் மகள் முன்னால் வந்தாள். இரத்மலானையிலிருந்து வந்திருந்தாள். அவள் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

"அங்கிள், அப்பா பயத்திலயோ கத்தினவர்?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்லுறது, பிள்ளை."

"இல்லை, என்ர மகனும் இப்ப அப்பிடித்தான் கத்துறான். தாத்தா மாதிரி எண்டு சொல்லுவன். இனி என்னெண்டு சொல்ல? பயந்தாங்கொள்ளித் தாத்தா மாதிரி எண்டோ?"

பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்துக்கு நின்றார்கள். நான் குரலைத் தாழ்த்தினேன். "பயம் என்ர, பிள்ளை. அப்பான்ர பேரில எழுதிப்போட்டன்."

அவள் கையெழுத்துக்கு நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "இதை மைக்கில சொல்லியிருக்கலாமே, அங்கிள்," என்றாள். போய்விட்டாள்.

அடுத்த கூட்டத்தில் சொல்வேன் என்று உனக்கு எழுதத்தான் இதைத் தொடங்கினேன். எழுதிக்கொண்டு வரும்போது என்மேல் எனக்கே அவ்வளவு நம்பிக்கை இல்லை.

நேற்று மேட்ச் இருந்தது. வீட்டில் நான் மட்டும். எதிரணியின் கடைசி விக்கெட் விழுந்தது. சத்தம் வாய்வரை வந்தது. கண் முதலில் ஜன்னலுக்குப் போனது, பிறகு வாசலுக்கு. அங்கே யாரும் இல்லை. இப்போதெல்லாம் நான் கத்துகிறேனா இல்லையா என்று யாரும் கேட்டுக்கொண்டிருப்பதுமில்லை. அதை நிச்சயப்படுத்திக்கொண்டு கத்தினேன். திரையில் அப்போது ரீப்ளே ஓடிக்கொண்டிருந்தது.