அலனின் மேசையில் உன் துவக்கு

நேற்று அலன் வீட்டுக்குப் போயிருந்தேன். குசினியில் சாப்பாட்டு மேசையில் பழைய துணியொன்றை விரித்து, உன் வேட்டைத் துவக்கைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அந்த மணம் வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டது. நீ செத்த பிறகு அது அவன் கைகளுக்குத்தான் போனது என்பதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

எழுபதுகளில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், கிளேட்டன் புறநகரில் நாம் ஒரே வீட்டில் இருந்தோம். மான் வேட்டைக்குப் பாரம் குறைந்த துவக்கு ஒன்றைச் செய்விக்க உனக்கு ஆசை வந்தது. முதலில் அக்‌ஷனைத் தெரிவு செய்ய வேண்டும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருக்குப் பகுதி அது. அதற்கு ஏற்றபடிதான் குழலும் கட்டையும் அமையும். நான் எனக்கென்று வாங்கி வைத்திருந்த பழைய ஜேர்மன் இராணுவ அக்‌ஷனை உனக்குத் தர ஆயத்தமாக இருந்தேன்.

"ஜேர்மன்காரன் செய்தது ஒருநாளும் சிக்குப்படாது மச்சான். முதல் வெடி பிழைச்சாலும் ரெண்டாவது தோட்டா கட்டாயம் ஏறும்" என்றேன்.

"ஓம், ஆனா மலை ஏறப்போறது என்ர கால்."

உன் காலைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்? யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து அதை முறித்துக்கொண்டபோது உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவன் நான். அதெல்லாம் அலனுக்குத் தெரியாது. உன் வேலையிடத்து வெள்ளைக்காரன் அவன், அறிமுகமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவன் பின்லாந்தில் செய்த குட்டையான அக்‌ஷன் ஒன்றைக் கொண்டுவந்தான். உன்னைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டையும் உன் கைகளில் வைத்தான். சம்பர் மானுக்குக் குட்டைத் தோட்டாவே போதும், நீளமான அக்‌ஷன் வீண் பாரம் என்றான்.

நீ உடனே வலது கையை உயர்த்தினாய். "இதுதான்."

என்னுடையது இடது கையில் இருந்தது. கண்ணைத் திறந்ததும் நீ முதலில் பார்த்தது அவனை.

துவக்கு முடிந்ததும் மூவரும் மலைக்குப் போனோம். நீங்கள் இருவரும் முன்னால் ஏறிப்போனீர்கள். நான் என் ஜேர்மன் பாரத்தைச் சுமந்துகொண்டு பின்தங்கினேன். மேலே ஒரு வெடி கேட்டது. மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது மான் விழுந்து கிடந்தது. அதை நோக்கி ஓடி, ஈர மரப்பட்டையில் வழுக்கிய நீ காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாய். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் காணாத எதற்காகவோ சிரித்தீர்கள்.

நான் குனிவதற்குள் அலன் உன்னை முதுகில் ஏற்றிவிட்டான். தோட்டாக்களை எடுத்துவிட்டு எல்லாத் துவக்குகளையும் நான் தூக்கினேன். உன்னுடையது தோளில் இருப்பதே தெரியவில்லை. அவன் சொன்னது சரிதான். அதுதான் கூடுதலாக எரிந்தது.

சரிவில் இறங்கும்போது அவன் முதுகிலிருந்து திரும்பி என்னிடம் கேட்டாய்: "என்ன, என்ர துவக்கு பாரமோ?"

"சரியான பாரம். ஜேர்மன் அக்‌ஷன் போட்டிருக்கலாம்."

நீ சிரித்த சிரிப்பில் அலன் தடுமாறினான். என்ன பேசுகிறோம் என்று கேட்டான். மழை வரப்போகிறது என்றேன்.

உன் செத்த வீடு முடிந்த மறுநாள் உன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணை, துவக்கை அலனுக்குத்தான் குடுக்கச் சொன்னவர். நீங்கள் ஒண்டும் நினைக்கக்கூடாது."

"நான் என்னத்தை நினைக்கிறது, பிள்ளை?" என்று சொல்லி, அதை நானே அவன் காரில் ஏற்றினேன்.

நேற்று அலன் எனக்குத் தேநீர் தந்து, நான் இல்லாமல் நீங்கள் போன ஒரு வேட்டையைப் பற்றிச் சொன்னான். எனக்குத் தெரியாத கதை. இத்தனை வருடங்களில் நீ அதை என்னிடம் சொன்னதேயில்லை. சிரித்தபடி கேட்டு முடித்தேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் காரில் உன்னோடு வாய்விட்டுச் சண்டை பிடித்தேன். ஏன் சொல்லவில்லை, அவன் எனக்கு மேலா என்றெல்லாம் கேட்டேன். நீ என்ன மறுமொழி சொல்லியிருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் உன் குரலிலேயே சொல்லிப் பார்த்தேன். துவக்கை அவன் வைத்திருக்கட்டும். உன் கூட்டாளிகளில் உன்னோடு தமிழில் சண்டை பிடிக்க என்னைவிட்டால் இங்கே ஆளில்லை.