விண்கலத்தில் ஒரு மயிலம் குரல்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். திண்டிவனத்தில் மருந்துக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு விழுப்புரம் பஸ். ஜன்னல் ஓரம் கிடைத்தது. கிளம்பும்போது தம்பி மனைவி வழக்கம்போல, "நாப்பது வயசு தாண்டியாச்சு அண்ணி, இன்னும் ராக்கெட் படம்." காதில் விழாத மாதிரி செருப்பை மாட்டினேன்.

பாஸ்கர் சாரின் டியூஷன் சென்டர், மாடி அறை. வெள்ளைப் பலகையில் இருந்த கணக்கை அழித்துவிட்டு அதிலேயே படம் போடுவது எங்கள் ஞாயிற்றுக்கிழமை. இன்று மூன்றே பேர்: பா. சார், செல்போன் கடை ரஃபி, நான். மற்றவர்களுக்குக் கல்யாணம், காதுகுத்து.

படம் ஓடவே இல்லை. பேச்சுதான். "வளையத்துக்கு அப்பால்" வெள்ளிக்கிழமை விழுப்புரத்திலேயே மறுவெளியீடு! தமிழில் குரல் கொடுத்து வந்த அந்தப் பழைய வெளிநாட்டுப் படத்தை நாங்கள் யாருமே பெரிய திரையில் பார்த்ததில்லை. நான் கைதட்டினேன். பா. சார் தட்டவில்லை.

மாற்றங்கள், ரஃபி இணையத்தில் படித்துச் சொன்னபடி:
- பொம்மைக் கலங்களுக்குப் பதில் கணினியில் செய்த கலங்கள்
- கலத்தைத் தொங்கவிட்ட நூல் தெரியும் இடம் அழிப்பு (ஐயோ, அந்த நூல்)
- தமிழ்க் குரல்கள் எல்லாம் புதிது
- முடிவில் கூடுதலாக ஒரு காட்சி

கடைசி இரண்டில்தான் சண்டை. பழைய முடிவில் லீனா, கலத்துக்கு வழி சொல்பவள், விண்வெளி நிலையத்திலேயே தங்கிவிடுகிறாள். கதவை உள்ளிருந்து யாராவது சாத்தினால்தான் மற்றவர்கள் தப்ப முடியும். சாத்துகிறாள். கலம் போகிறது. அவ்வளவுதான் படம். புதியதில் கலம் திரும்பி வந்து அவளை அழைத்துப் போகிறதாம். பா. சாருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அவள் தங்கியதற்கே அர்த்தம் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள், நான் வரமாட்டேன் என்றார். பொம்மையைப் பார்த்துச் சிரிக்கிற பசங்கள் இனிமேலாவது பார்ப்பார்கள் என்றான் ரஃபி. எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரி என்று பட்டது. சொல்லவில்லை.

ஆனால் குரல் போவதுதான் தாங்கவில்லை. கதவைச் சாத்துமுன் லீனா சொல்வாள்: "நீங்க போய்க்கினே இருங்க. கதவ நான் சாத்திக்கிறேன்." படம் முழுக்க எல்லோரும் மேடைத் தமிழ். அந்த ஒரு வரி மட்டும் எங்கள் ஊர்த் தமிழ். சின்ன வயதில் அத்தை வீட்டு டிவியில் அதைக் கேட்டபோது முதுகு சிலிர்த்தது. சனிக்கோளின் வளையத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி எங்கள் தெருவில் பேசுவது போலப் பேசுகிறாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

குரல் கொடுத்தது யார்? பெயர்ப் பட்டியலில் இல்லை. பா. சாரிடம் இருப்பது அவர் மாமா டிவியிலிருந்து பதிந்த கேசட்டின் நகல்தான். படத்தின் அடியில் புயல் எச்சரிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். கிளம்பும்போது ரஃபி அந்தக் கதவுக் காட்சியை மட்டும் வெட்டி இணையத்தில் போட்டான். தலைப்பு: "இந்தக் குரல் யாருடையது?"

ஆகஸ்ட் 18, திங்கள்

கடையில் கூட்டம். ஊரெல்லாம் காய்ச்சல். ஃபிரிட்ஜ் சத்தம் போடுகிறது. இன்சுலினை எல்லாம் தம்பி வீட்டு ஃபிரிட்ஜுக்கு மாற்றினேன்.

மாலை ரஃபியிடமிருந்து போன். மூச்சு வாங்குகிறது அவனுக்கு. காட்சிக்குக் கீழே சென்னையிலிருந்து கவிதா என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: "எங்க அம்மா குரல். மயிலத்துல இருக்காங்க. கேட்டா இல்லம்பாங்க."

மயிலம். கடையிலிருந்து பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடக்கூட நேரமில்லாத தூரம்.

இரவுச் சாப்பாடு மறந்துபோனது.

ஆகஸ்ட் 20, புதன்

மயிலம் போய் வந்தோம். 

கவிதாவிடம் போனில் பேசி வழி கேட்டுக்கொண்டோம். ரஃபி பைக்கில், நான் பஸ்ஸில். ஊரைத் தாண்டி மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவில் வீடு. வேர்க்கடலைக்குக் களை எடுக்கும் நேரம். கவிதாவின் தாயார் சரோஜா அம்மா அப்போதுதான் கொல்லையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு, மூக்குக் கண்ணாடி. வாயைத் திறந்தார், எனக்குத் தெரிந்துவிட்டது. குரல் கொஞ்சம் கம்மியிருக்கிறது, ஆனால் அதேதான். சொல்லின் கடைசி எழுத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் அந்தப் பேச்சு.

முதலில் நான் இல்லை என்றார். ரஃபி போனில் காட்சியைப் போட்டான். பாதியில் அவரே நிறுத்தச் சொன்னார். பிறகு மெல்லச் சொன்னார். கல்யாணத்துக்கு முன் சென்னையில் சித்தி வீட்டில் இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. அவர் மூலம் கூட்டக் குரல், அழுகைக் குரல். பிறகு ஒரே ஒரு முழுப் பாத்திரம், லீனா. வாய் அசைவோடு சேர வேண்டும் என்று அந்த வரியைத் திருப்பித் திருப்பிச் சொன்னதில், எழுதிக் கொடுத்தது மறந்து வாயில் வந்தது வந்துவிட்டதாம். பதிவை நடத்தியவர் சிரித்துவிட்டு, அதுவே இருக்கட்டும் என்றாராம். படம் வெளிவருவதற்குள் கல்யாணம். மாமியாருக்குச் சினிமா என்றாலே ஆகாது. அதனால் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. படத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மகள் சின்ன வயதில் டிவியில் கேட்டுவிட்டு ஓடிவந்து கேட்டபோதும், வேறு யாரோ என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அவர் கணவர் முருகையன் சாப்பிட வந்தார். பெரிய மீசை, தோளில் துண்டு. கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் தட்டில். யார் இவர்கள் என்று கேட்டார். சரோஜா அம்மா வாய் திறப்பதற்குள் ரஃபி ஆர்வத்தில் முந்திக்கொண்டான். உங்கள் வீட்டம்மா பெரிய ஆள், நாங்கள் எல்லாம் இவர் குரலுக்கு அடிமை, விண்வெளிப் படத்தில் பேசியவர். அவன் சொல்லி முடிக்கும்வரை அவர் களியை உருட்டிய கை அப்படியே நின்றது.

அவர் மனைவியைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "எனக்குத் தெரியாம இன்னும் இன்னா இன்னா கீது?"

தட்டைத் தள்ளிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார்.

சரோஜா அம்மா எங்களைத் திட்டவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு, "நீங்க கெளம்புங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

ரஃபி பைக்கைத் தள்ளிக்கொண்டே என்னுடன் பஸ் நிறுத்தம்வரை நடந்தான்.  எத்தனையோ வருஷமாக மூடி வைத்ததை ஒரு பிற்பகலில் போய் உடைத்துவிட்டோம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மழை. நல்ல மழை. கடை வாசலில் முழங்கால் தண்ணீர்.

பா. சாரிடம் நடந்ததைச் சொன்னேன்.  அந்த அம்மா படத்தையே பார்த்ததில்லையா என்று மட்டும் கேட்டார்.

ஃபிரிட்ஜ் மெக்கானிக் வரவில்லை.

மாலை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. சரோஜா அம்மா! நாளைக்கு எத்தனை மணிக்குப் படம் என்று கேட்டார்.  கணவரும் வருகிறாரா என்றேன். நேற்று இரவு வரை முகம் கொடுத்துப் பேசவில்லையாம். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார். உங்கள் அம்மாவுக்குப் பயந்துதான் என்றாராம் இவர். "எங்கம்மா செத்து எத்தினி வருசம் ஆவுது. அப்புறம் யாருக்குப் பயந்த?"  பிறகு அவரே, சரி, அந்தப் படத்தைப் பார்க்கணும் என்றிருக்கிறார்.

அது உங்கள் குரல் இருக்கிற படம் இல்லை, குரலை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். சங்கடமாக இருந்தது. பரவாயில்லை, என்ன கதையில் பேசினேன் என்றாவது தெரியட்டும் என்றார்.

பா. சாருக்குத் தகவல் சொன்னேன். "எனக்கும் ஒரு டிக்கெட் போட்டுடுங்க" என்றார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பகல் காட்சி. தியேட்டரில் கால்வாசிக்கும் குறைவு. முன் வரிசையில் கல்லூரிப் பசங்கள். நாங்கள் ஐந்து பேர் ஒரே வரிசை. முருகையன் ஐயா வெள்ளைச் சட்டை, சலவை மடிப்பு கலையாமல். பா. சார் கோர்ட்டில் நிற்பவர் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அசந்துபோனேன். வளையம் வரும் இடம்! பழைய படத்தில் அது பூசிவிட்ட ஒரு பட்டை. இதில் பனிக்கட்டி பனிக்கட்டியாக, ஒவ்வொன்றும் தனித்தனியே சுழன்றுகொண்டு, நடுவில் கலம் நுழைகிறது. கலத்தின் நிழல் பனியின் மேல் விழுந்து நகர்கிறது. பசங்கள் விசில் அடித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். பா. சாரின் கைக்கட்டு எப்போதோ அவிழ்ந்திருந்தது. ஆனால் பழைய கலத்துக்கு ஒரு கனம் உண்டு, கையால் செய்த சாமானுக்கு உள்ள கனம். அது இதில் இல்லை. இரண்டும் வேண்டும் எனக்கு.

பக்கத்தில் சரோஜா அம்மா. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அவர் உதடு அசைகிறது. லீனா வாயைத் திறக்கும்போதெல்லாம், திரையில் குரல் வருவதற்கு ஒரு நொடி முன்னால், பழைய வசனம். ஒன்றுகூட மறக்கவில்லை. கொல்லையில் களை எடுத்துக்கொண்டும் களி கிளறிக்கொண்டும் இத்தனை வருஷம் இதை எங்கே வைத்திருந்தார்?

கதவு வரியைப் புதிதாகக் குரல் கொடுத்த பெண் சுத்தத் தமிழில் சொன்னாள். சரோஜா அம்மா தன் வரியைத் தன் வாய்க்குள் சொன்னார். எனக்கு மட்டும் கேட்டது. அழுதது நான்தான், அவர் இல்லை.

பிறகு புதிய காட்சி. வெளியே வெளிச்சம். கலம் திரும்பி வந்திருக்கிறது. லீனா எழுந்து கதவருகே வருகிறாள். பேசுகிறாள். சரோஜா அம்மாவின் உதடு நின்றுவிட்டது. அந்தக் காட்சிக்கு அவரிடம் வசனம் இல்லை.

வெளியே வந்து டீ. அந்தப் பெண் நன்றாகப் பேசுகிறாள், மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது, எங்கள் காலத்தில் மூச்சுக் கேட்டால் திட்டுவார்கள் என்று சரோஜா அம்மா மனமாரப் பாராட்டினார். முருகையன் ஐயா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில், "உன் குரல் எங்க கேக்கலாம்?" என்றார்.

பா. சார் முந்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை, மாடி அறை.

ஆகஸ்ட் 23, சனி

மெக்கானிக் வந்தான். ஃபிரிட்ஜ் சரி. தம்பி மனைவிக்கு எல்லாக் கதையும் சொன்னேன். நாளைக்கு நானும் வரலாமா என்கிறாள்! கடையை யார் பார்ப்பது என்று அவளே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த தடவை கூட்டிப் போக வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெயில். சென்டர் மாடியில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி இருட்டாக்கினோம். பா. சார் வீட்டில் கேசரி செய்து அனுப்பியிருந்தார்கள்.

பழைய படம். நூல், பட்டை, புயல் எச்சரிக்கை எல்லாவற்றோடும். லீனா முதல் வசனம் பேசியதும் முருகையன் ஐயா திரையைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். பிறகு படம் முடியும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கதவு வரி வந்தபோது மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். கதவு சாத்தியது. கலம் போனது. விளக்கைப் போட்டோம்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். "இன்னாய்யா இது, அப்படியே உட்டுட்டுப் போய்ட்டானுங்க."

பா. சார் விளக்கினார். அவள் தானாக எடுத்த முடிவு, அதுதான் படத்தின் பெருமை. சரோஜா அம்மாவும் பா. சார் கட்சி. இந்த முடிவுதான் நெஞ்சில் நிற்கிறது, வெள்ளிக்கிழமை பார்த்தது கொஞ்சம் சர்க்கரை அதிகம் என்றார். எங்கள் குழுவில் பத்து வருஷம் இருந்தவர் போல வாதாடினார்.

முருகையன் ஐயா ஒப்புக்கொள்ளவில்லை. கேசரித் தட்டைக் கீழே வைத்தார். பிறகு பா. சாரிடம் கேட்டார். "அவள இட்டுக்கினு போறாங்களே, அந்த சீனு. அதுல இவ குரலப் போட முடியாதா சார்?"

 நான் பா. சாரைப் பார்க்கவே பயந்தேன். பழைய படத்தின் ஒரு ஃபிரேமைக்கூடத் தொடக்கூடாது என்று ஒரு வாரமாகச் சண்டை போட்ட மனிதர். அவர் எழுந்து அலமாரியைத் திறந்து, ஆன்லைன் வகுப்புக்கு வைத்திருந்த மைக்கை எடுத்து மேசையில் வைத்தார்.

புதிய முடிவைப் படக் கம்பெனியே விளம்பரத்துக்காக இணையத்தில் விட்டிருந்தது. ரஃபி ஒலியை எடுத்துவிட்டு ஊமையாக ஓடவிட்டான். வசனத்தை நான் தாளில் எழுதிக் கொடுத்தேன்: "நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை." சரோஜா அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். வாய் அசைவு சேர்ந்தது. ஆனால் திரையில் இளம்பெண், குரலில் வயது. அவருக்கே வெட்கமாகிவிட்டது. குரலை இளமையாக்க இப்போதெல்லாம் வழி இருக்கிறது, ஒரு நிமிஷ வேலை என்றான் ரஃபி.

"வேணாம்" என்றார் பா. சார். "அவ்ளோ நாள் தனியா இருந்திருக்கா. தொண்ட கம்மாமலா இருக்கும்."

மறுபடி ஓடவிட்டோம். இந்தத் தடவை சரோஜா அம்மா தாளைக் கவிழ்த்து வைத்தார். கலத்தின் வெளிச்சம் லீனாவின் முகத்தில் விழுந்தது. "வந்துட்டீங்களா" என்றார். கொஞ்சம் விட்டு, "வரமாட்டீங்கன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

முருகையன் ஐயா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போர்வை கட்டிய ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரஃபி சன்னமாக, ஓகே, இதுவே போதும் என்றான்.

"இல்ல தம்பி. அவ வாய மூடினப்புறமும் என் பேச்சு ஓடுது." சரோஜா அம்மா நாற்காலியை மைக்குக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னொரு வாட்டி போடுங்க."