கட்டுமரத்தில் என் வீட்டுக்காரர்

12-5-1951, சனி. எண்ணூர்.

தூக்கமே வரவில்லை. கோயமுத்தூரிலிருந்து பட்டணம் பார்க்க வந்து, மியூசியம், மிருகக்காட்சிசாலை எல்லாம் சுற்றியாயிற்று. இன்று காலை இவர், "உங்க நைனாவையும் ஒரு எட்டு பாத்துப்போட்டுப் போலாம்" என்றார். வீட்டில் சொல்லாமல் இவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள் நான். நாலு வருஷமாகப் பேச்சில்லை.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த நைனா என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இவரிடம் மட்டும், "கட்டுமரம் ஏறிக்கீறியா?" என்று கேட்டார்.

"கடலப் பாத்ததே முந்தாநேத்துத்தானுங்க."

"அப்போ ஏறு."

இரண்டு பேரும் அலைக்கு அப்பால் மறைந்தார்கள். நான் நிலைகொள்ளாமல் நடந்தேன். கட்டுமரம் கரைக்குத் திரும்பியபோது இவர் தொப்பலாக நனைந்து, வாந்தியெடுத்து, சிரித்துக்கொண்டே இறங்கினார்.

நைனா அம்மாவைக் கூவி அழைத்தார். "மாப்பிள்ளைக்கு வஞ்சிரம் வறுத்துப் போடு! வாந்தி எடுத்துகினே சிரிக்கிறாரு!"

மாப்பிள்ளையாம்! பக்கத்து வீடுகளிலும் போய்ச் சொல்லிவிட்டார். நாளைக்கு ரயில். யார் போகப்போகிறார்கள்?