அப்பா பெயரில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம்

பிப்ரவரி 9

அழைப்பிதழ் வந்தது. பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் துறையில் அப்பா பெயரில் ஒலிப்பதிவுக்கூடம் திறக்கிறார்கள். அவர் விட்டுப்போன அறக்கட்டளைதான் இத்தனை வருஷமாக அங்கே பிள்ளைகளைப் படிக்கவைக்கிறது. இப்போது கூடமும் கட்டிக் கொடுத்திருக்கிறது. குடும்பத்தின் சார்பில் உரை: தம்பி மனைவி.

மகள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். மருமகள் பேசுகிறாள்.

தெரியும், தெரியும். அவள் ரேடியோவில் செய்தி வாசித்தவள். எனக்குத் திக்கும். நான் ‘வணக்கம்’ சொல்லி முடிப்பதற்குள் கூட்டத்துக்குப் பசி எடுத்துவிடும். இருந்தாலும், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா?

பிப்ரவரி 11

தம்பிக்குப் போன் செய்தேன். எடுத்தது அவள். மனதுக்குள் நான் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘வானொலி’.

“உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்னுதான் அக்கா...”

சிரமமாம்! என்ன ஒரு கரிசனம். வயிறு எரிகிறது. எழுதினால் அடங்கும் என்று எழுதுகிறேன் – அடங்கவில்லை.

பிப்ரவரி 16

வானொலி நேரிலேயே வந்துவிட்டாள். “மாமாவைப் பத்தி ஏதாவது சொல்லுங்கக்கா, பேச்சுல சேர்த்துக்கறேன்.”

அப்பா நடத்திய பத்திரிகை அலுவலகத்தில் போன் மணி அடித்தால் அவரேதான் ஓடிப்போய் எடுப்பார் என்று ஆரம்பித்தேன். “ஏ-ஏன்னா” என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

“பேசறதுன்னா அவருக்கு அவ்ளோ ஆசை, அதானே?” என்று அவளே முடித்துவைத்துவிட்டுக் கிளம்பினாள்.

பின்னாலேயே போய்த் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. மேடையில் தப்பாகச் சொல்லட்டுமே என்று ஓர் அற்ப சந்தோஷம்.

பிப்ரவரி 17

நான் விழாவுக்குப் போகப்போவதில்லை.

பிப்ரவரி 20

போகிறேன்.

பிப்ரவரி 21

என்ன காரியம் செய்துவிட்டேன்!

அழகாகத்தான் பேசினாள். ஒரு தடங்கல் இல்லை, ஒரு இருமல் இல்லை. எனக்குப் பின்வரிசையில் யாரோ, “மகள் போலிருக்கு. அப்பா கொடுத்துவச்சவர்” என்றார்கள். மகளாம்!

அப்புறம் போன் கதைக்கு வந்தாள். “பேச்சுன்னா மாமாவுக்கு உயிர்!” ஒரே கைதட்டல்.

எழுந்து நின்றது நான்தான் என்பது நின்ற பிறகுதான் எனக்கே உறைத்தது.

“அ-அது அப்படி இல்ல.”

கூடம் மொத்தமும் திரும்பியது. திக்கித் திக்கிச் சொன்னேன். எனக்கு ஒன்பது வயது. வீட்டில் அம்மா மயங்கி விழுந்துவிட்டாள். அப்பாவின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ‘அப்பா’ என்ற சொல் வரவே இல்லை. எடுத்த ஆள், யாரோ விளையாடுகிறார்கள் என்று வைத்துவிட்டார். மறுபடியும் அடித்தேன், மறுபடியும் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துதான் அம்மா பிழைத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு அழைப்பையும் அப்பாவே எடுத்தார்.

“பே-பேசறதுக்கு இல்ல. கே-கேக்கறதுக்கு.”

உட்கார்ந்துவிட்டேன். மேடையில் வானொலியின் முகம் சுண்டிப்போயிருந்தது. முதலில் எனக்கு அதைத்தான் பார்க்கத் தோன்றியது – அம்மாவை நினைத்து அல்ல, அப்பாவை நினைத்தும் அல்ல. என்ன மனுஷி நான்?

மார்ச் 4

துறைத்தலைவி கூப்பிட்டார். அப்பாவைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, மாணவர்கள் அந்தக் கூடத்தில் பதிவு செய்ய விரும்புகிறார்களாம். வியாழக்கிழமைதோறும். என்னால் கோர்வையாகப் பேச முடியாதே என்றேன்.

“நீங்க நிதானமாச் சொல்லுங்க. பிள்ளைங்க காத்திருக்கக் கத்துக்கட்டும்.”

மார்ச் 15

வானொலி கூப்பிட்டாள். விழாவுக்குப் பிறகு முதல் பேச்சு.

“மாமாவைப் பத்தின பதிவுக்கு என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே அக்கா.”

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். என்னுடையது.

மத்தியானம் முழுக்க இனித்தது. சாயங்காலம் திகட்டிவிட்டது. நானே கூப்பிட்டு, “வியாழக்கிழமை நீயும் வா” என்றேன்.

மார்ச் 20

வந்தாள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பதிவு முடியும்வரை வாயே திறக்கவில்லை. நம்புவதற்கு எனக்கே கஷ்டமாக இருந்தது.

மாடிப்படி இறங்கும்போது கேட்டாள்: “மாமா என்னைப் பத்தி எப்பவாவது ஏதாவது சொல்லியிருக்காரா அக்கா?”

அப்பா அவளைப் பற்றி என்னிடம் எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

“சொல்லியிருக்கார். அடுத்த வாரம் ப-பதிவுல சொல்றேன்” என்றேன். பச்சைக்குழந்தை மாதிரி முகம் மலர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று.