கராஜுக்கு மேலிருந்த அறை

நானா,

மகள் வாங்கிய பழைய வீட்டின் கராஜுக்கு இன்று சீலிங் பூசினார்கள். ஈரச் சீமெந்து மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. கராஜுக்கு நேர் மேலே அவளின் படுக்கையறை. "ஒரு கீறலும் இருக்கக் கூடாது, மூலையெல்லாம் வடிவா அடையுங்கோ" என்று நின்று கத்தினேன். "அன்ரிக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்றான் மேசன். எங்கள் முஸ்லிம் அண்ணன், நானா, படிப்பித்தவர் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கே! சண்டை பிடித்தல்லவா இரண்டு பேரும் படித்தோம்.

கலவரத்தில் வீடு எரிந்த பிறகு, நாலு வயது மகளோடு கொழும்பு வெள்ளவத்தையில் உங்கள் கராஜுக்கு மேலிருந்த அறைக்கு வாடகைக்கு வந்தேன். இவர் அப்போது சவூதியில். கீழே உங்கள் பழைய காரும், தட்டுப்பாட்டுக்கென்று சேர்த்த பெற்றோல் கேன்களும். மேலே வெறும் பலகைத் தளம். இடுக்கால் பெற்றோல் மணம் ஏறிக்கொண்டே இருக்கும். பிள்ளையைச் செருப்போடேயே படுக்க வைப்பேன், எழும்பி ஓட வேண்டி வந்தால் என்று.

ஆனால் அந்த இடுக்கால்தான் உங்கள் தட்டலும் வரும். தமிழரின் வீடுகளைச் சோதிக்கப் பொலிஸ் தெருவுக்குள் நுழைந்தால் கராஜுக்கு ஓடிப்போய், கூட்டுகிற தும்புத்தடியால் பலகையில் தட்டுவீர்கள். அவர்கள் படியேறுமுன் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் என் கையில் இருக்கும். பின்னாலேயே ஏறிவந்து, "இது எங்கட தங்கச்சி" என்று சிங்களத்தில் தெருவுக்கே கேட்கக் கதைப்பீர்கள்.

"பெற்றோல் மணத்தில நித்திரை வருகுதில்லை நானா" என்று ஒருநாள் சொன்னேன். "சரியான பயந்தாங்கொள்ளி! ஒன்டும் நடக்காது" என்று சிரித்தீர்கள். சொன்னதோடு விடவில்லை, பாவம். அடுத்த கிழமை நான் கந்தோர் வேலை முடிந்து வர, வாசலில் மாப்பிள்ளை மாதிரி நின்றீர்கள். என் தளத்துக்குக் கீழே, மரச்சட்டங்களுக்கு நடுவே, மெத்தைக்கு அடைக்கும் தென்னந்தும்பை அடைத்துப் பலகையும் அடித்திருந்தீர்கள். "இனி மணமும் வராது, கார் சத்தமும் கேக்காது."

எனக்கு வந்த கோபம்! மிஞ்சிக் கிடந்த தும்பில் ஒரு பிடி எடுத்து, முற்றத்தில் போட்டு நெருப்புக்குச்சியைக் கிழித்தேன். குபீரென்று பற்றியது.

"இதையே என்ர பிள்ளைக்குக் கீழ அடைச்சு வச்சிருக்கிறீங்கள்?"

"அல்லாஹ்வே" என்றீர்கள். அன்றைக்கே கேன்களைப் பின்வளவின் கடைசி மதிலடிக்குக் கொண்டுபோனீர்கள். மறுநாள் தும்பு முழுவதையும் நீங்களே பிடுங்கினீர்கள்.

கொட்டாஞ்சேனையில் பழைய கப்பல் சாமான் விற்கும் கடையில் எரியாத கல்லுப்பஞ்சு தேடிப் பிடித்தீர்கள். அதை அடைத்து, கம்பிவலை அடித்து, தடிப்பாகச் சீமெந்து பூசுவித்தீர்கள். பஞ்சுத் தூள் கடித்து ஒரு கிழமை சொறிந்துகொண்டு திரிந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பூச்சுக் காய்ந்ததும் கீழே நின்று தட்டிப் பார்த்தீர்கள். மூச்சு வாங்க மேலே வந்து, "கேட்டுச்சா?" என்றீர்கள். ஒன்றுமே கேட்கவில்லை என்றேன். சந்தோசத்தில் கை தட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டீர்கள்.

"அப்ப அவனுகள் சோதனைக்கு வந்தா எப்பிடிப் புள்ள சொல்றது?"

சின்ன ஓட்டை ஒன்று போடுவோம் என்றேன். இந்த முறை உங்களுக்குக் கோபம். "ஊசி ஓட்டையும் போட உட மாட்டன். நெருப்புக்கு அது போதும்."

கராஜ் வாசலிலிருந்து வெளிச்சுவர் வழியே என் ஜன்னலுக்கு ஒரு கயிறு இழுத்தீர்கள். நுனியில் ஹஜ்ஜுப் பெருநாள் ஆட்டின் கழுத்து மணி. காலையில் காரை எடுக்குமுன் அதை இழுத்து, "கேக்குதா?" என்பீர்கள். பிள்ளை ஜன்னலுக்கு ஓடிப்போய், "கேக்குது மாமா!" என்று கத்தினால்தான் கார் புறப்படும். அதற்குப் பிறகு அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள், நானா. நானும் நித்திரை கொண்டேன்.

நீங்கள் மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு அந்த மணியை உங்கள் வீட்டாரிடம் நான் கேட்டு வாங்கினேன். எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே வரும். இன்று மேசன் போன பிறகு அதைக் கயிற்றில் கோத்து மகளின் ஜன்னலில் கட்டினேன். "எல்லாற்ற கையிலயும் போன் இருக்கே மாமி" என்று மருமகன் சிரித்தார். சிரிக்கட்டும். கீழே போய்க் கயிற்றை இழுத்தேன்.

மேலே கணினியில் கந்தோர் வேலையில் மூழ்கியிருந்த மகள், யார் இழுத்தது என்றும் பாராமல், அந்த நாலு வயதுக் குரலிலேயே கத்தினாள்:

"கேக்குது மாமா!"